‘நல்லா இருக்குங்க தம்பி’ என்ற பிறகு என்ன கேட்பது?

கேள்வி: நானும் நண்பனும் திருப்பூரில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். ஜாப் ஒர்க் எடுக்கும், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும், தையல் யூனிட்டுகளுக்கான பீஸ் ரேட் சம்பளக் கணக்கு ஆப். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள், அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்க வேண்டும், சனிக்கிழமை கையில் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். நேரில் அலைந்து அறுபது யூனிட்டுகளில் இலவசமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இருபது யூனிட்டுகள் வாராவாரம் பயன்படுத்துகின்றன. எங்களைப் போன்ற புதுத் தொழில்களுக்கு வழிகாட்டும் இன்குபேட்டர் அமைப்பில், இந்த மாதக் கடைசிக்குள் முப்பது யூசர்களிடம் பேட்டி எடுக்கச் சொல்கிறார்கள். போனில் அரை மணி நேரம் கேட்டால், ‘நல்லா இருக்குங்க தம்பி, ஒண்ணும் குறையில்லை’ என்று வைத்துவிடுகிறார்கள். 22 கேள்விகளுள்ள கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், மூன்று பேர்தான் நிரப்பினார்கள். 500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொல்லியும் பலனில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது? கூப்பன் தொகையை ஏற்றலாமா? அல்லது ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமா? (ஃபார்மை இணைத்திருக்கிறேன்.)
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

உங்கள் ஃபார்மை முதலில் படித்தேன். முதல் இரண்டு கேள்விகள் பெயரும் முகவரியும். மூன்றாவது, ‘யூனிட்டில் எத்தனை தொழிலாளர்கள்?’ நான்காவது, ‘வாரச் சம்பளம் மொத்தம் எவ்வளவு?’ ஐந்தாவது, ‘சம்பளம் ரொக்கமாகவா, வங்கி மூலமாகவா?’

இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்கிற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அரசு ஜீப்பில் வருவார்கள். பத்துப் பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, இருபது பேர் என்றால் பிஎஃப் சேமநிதி என்று ஓனர் கட்ட வேண்டும். பதினான்கு மெஷின் போட்டு, சீசனுக்குத் தகுந்தபடி ஆள் கூடிக் குறைந்து, சனிக்கிழமை ரொக்கமாகப் பட்டுவாடா செய்கிற ஒருவர் உங்கள் ஃபார்மைத் திறந்து மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் என்ன நினைத்திருப்பார்? அவர் சட்டப்படி நடக்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம். ஒழுங்காக எல்லாம் கட்டுகிறவருக்கும் அந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும். 500 ரூபாய் கூப்பனுக்காக யாராவது அதை எழுதிக் கொடுப்பார்களா? ஃபார்மை நிரப்பிய மூன்று பேரைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே உங்கள் யூசர்களுக்கு நேரமில்லை, படிப்பில்லை, ஃபீட்பேக்கின் அருமை தெரியவில்லை என்றெல்லாம் எண்ண வேண்டாம். அந்த ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ரேட் பிரச்சினை, ஆள் பிரச்சினை, நூல் விலை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேச அவர்களுக்குத் தடையில்லை. நீங்கள் கேட்கிற விதத்தில் அவர்களுக்கு ஒரு பயமும் ஒரு செலவும் இருக்கிறது, பதிலுக்கு ஒன்றும் இல்லை. ‘எப்படிச் சம்மதிக்க வைப்பது’ என்று கேட்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பயத்தையும் செலவையும் எப்படிக் குறைப்பது என்றுதான் பார்ப்பேன். அவை குறைந்தால் வற்புறுத்தவே தேவையிருக்காது.

பயத்துக்கு மருந்து சுலபம். என்ன கேட்க மாட்டீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘எத்தனை பேர் வேலை செய்யறாங்க, எவ்வளவு பணம் போகுதுன்னு நான் எதுவும் கேட்க மாட்டேங்க. சனிக்கிழமை கணக்குப் போடறப்ப ஆப் எங்க இழுக்குதுன்னு மட்டும் பார்க்கணும்.’ இதைச் சொல்லிவிட்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். இன்குபேட்டருக்காக எண்ணிக்கை வேண்டுமென்றால் உங்கள் சர்வரைப் பாருங்கள், அங்கேயே இருக்கிறது. அது அவர்களுக்கும் தெரியும் என்பது தனி சங்கடம். ஆப்பில் பதிகிற பெயரும் தொகையும் யார் கண்ணில் படும், யார் கண்ணில் படாது என்று இதுவரை ஒரு முறையாவது அவர்களிடம் விளக்கியிருக்கிறீர்களா? பேட்டி கேட்கப் போகும் முன் அந்த விளக்கம் போக வேண்டும், அதுவும் எழுத்தில், தமிழில், பத்து வரிக்குள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காக எடுக்கிறோம் என்று புரியும்படி சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது, யாரிடம் கேட்கிறீர்கள் என்பது. அறுபது யூனிட்டின் ஓனர் நம்பர்களுக்கும் போன் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆப்பைத் தொடுகிறவர் ஓனர்தானா? உங்கள் லாகின் நேரங்களைப் பாருங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னச் சின்னதாகப் பதிவு விழுந்தால் அது லைனில் நிற்கும் சூப்பர்வைசர். இரவு ஒன்பதரைக்கு மேல் மொத்தமாக விழுந்தால், அநேகமாக வீட்டில் ஓனரின் மனைவியோ காலேஜ் படிக்கும் மகளோ நோட்டைப் பார்த்து ஏற்றுகிறார்கள். ஓனர் சனிக்கிழமை மாலை கடைசித் தொகையை மட்டும் பார்ப்பார். அவரிடம் ‘ஆப் எப்படி இருக்கு’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனாலும் ஓனரைத் தாண்டிக் குதித்துச் சூப்பர்வைசரிடம் போய்விடாதீர்கள். கதை முடிந்துவிடும். ஓனரிடம் கேட்க வேண்டியது அனுமதி மட்டும். ‘அண்ணா, உங்க நேரம் வேண்டாங்க. கணக்கு ஏத்தறவங்க பக்கத்துல இருபது நிமிஷம் உக்கார விடுங்க, போதும்.’ தன் அரை மணி நேரத்தைத் தர யோசிக்கிறவர் இதற்கு உடனே தலையாட்டுவார். பெண்கள் கணக்குப் பார்க்கிற வீடு என்றால் ஓனர் இருக்கிற நேரத்தில், முடிந்தால் உங்கள் தரப்பிலும் ஒரு பெண்ணோடு போங்கள். நீங்களும் நண்பரும் இரண்டு இளவட்டங்களாக இரவு ஒன்பதரைக்குப் போய்க் கதவைத் தட்டினால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓனர் பக்கத்தில் நின்றால் சூப்பர்வைசர் வாயிலிருந்து உண்மை வராது. ‘எனக்கு ஆப் புரியல’ என்பதும், ‘ரெண்டு பேரோட பீஸை மாத்திப் போட்டுட்டேன்’ என்பதும் ஓனர் காதில் விழக்கூடாத செய்திகள். அங்கே கேட்டதை ஓனரிடம் பேர் சொல்லிக் கொண்டுபோக மாட்டோம் என்று இருவர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் ஓனரே கொஞ்சம் தள்ளிப் போய்விடுவார். அதில் அவருக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

எப்போது போவது? இதில் பெரும்பாலான ஸ்டார்ட்அப்காரர்கள் தங்கள் காலண்டரைப் பார்க்கிறார்கள். உங்கள் யூசரின் காலண்டர் வேறு. ஜிஎஸ்டி கணக்கில் மாதம் 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் 3பி என்ற படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும், அந்த நாட்களை ஒட்டி ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், கிட்டே போகாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் போனஸ் பேச்சும் டெலிவரி அவசரமுமாக ஓடும், அப்போதும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை பார்ட்டியிடம் பணம் வாங்க அலைந்துகொண்டிருப்பார். ஞாயிறு அவருடைய ஒரே ஓய்வு, அதைக் கேட்பது நியாயமில்லை.

நல்ல நாள் எதுவென்றால், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்துகிற நாள். எந்தெந்தப் பகுதி, எத்தனை மணி வரை என்று முந்தைய நாள் பேப்பரில் வந்துவிடும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் பெரிய ஃபேக்டரிகள் ஓடும். உங்கள் யூசர்களைப் போன்ற சின்ன யூனிட்டுகள் பல நிற்கும். ஓனர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பேச்சுத்துணை தேடுவார். அறுபது யூனிட்டையும் எந்தத் துணைமின் நிலையத்தின் கீழ் வருகின்றன என்று பிரித்து ஒரு ஷீட்டில் போட்டு வையுங்கள். ஒரே நாளில் ஒரே பகுதியில் மூன்று யூனிட் பார்த்துவிடலாம், அலைச்சலும் மிச்சம்.

அதைவிடவும் நல்ல நாள் ஒன்று உண்டு, ஆனால் அது பேட்டிக்கான நாள் அல்ல. சனிக்கிழமை மாலை. சம்பளம் போடுகிற நேரத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ‘கணக்குல சிக்கல் வந்தா அங்கேயே சரிபண்ணிக் குடுத்துர்றேங்க’ என்று சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் அப்போது நீங்கள் அவர்களுக்குத் தேவைப்படுகிற ஆள். அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் கண்ணில் படுவது முப்பது போன் பேட்டியிலும் வராது.

இது நான் கண்டுபிடித்த வழியில்லை. அமெரிக்காவில் 1983இல் ஸ்காட் குக் என்பவர் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கிய இன்ட்யூட் நிறுவனம் குவிக்கன் என்ற வீட்டுக் கணக்கு மென்பொருளை விற்றது. கடையில் அதை வாங்குகிறவரிடமே பேசி, சம்மதித்தால் அவர் வீட்டுக்குப் போய், பெட்டியைப் பிரித்து முதல் தடவை போட்டுப் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனிக்கும் பழக்கத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். உதவி செய்யக்கூடாது, விளக்கக்கூடாது, பார்க்க மட்டும்தான். வீட்டுக் கணக்குக்கென்று செய்த மென்பொருளைப் பலர் தங்கள் சின்ன வியாபாரத்தின் கணக்குக்குப் பயன்படுத்துவது அவர்களுக்கு இப்படி யூசர்களைக் கவனித்ததில்தான் உறைத்தது. அக்கவுண்டிங் பாஷை தெரியாத கடைக்காரர்கள், பற்று வரவு இரட்டைப் பதிவெல்லாம் இல்லாத ஒன்றைத் தேடி வீட்டுக் கணக்கு மென்பொருளுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் 1992இல் குவிக்புக்ஸ் வந்தது, பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் முக்கியமான சரக்கே அதுதான். ‘எங்கள் மென்பொருள் எப்படி இருக்கிறது’ என்று அந்தக் கடைக்காரர்களிடம் கேட்டிருந்தால், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது, உட்கார்ந்துவிட்டீர்கள். என்ன கேட்பது? கருத்துக் கேட்காதீர்கள். ‘எப்படி இருக்கு?’, ‘பிடிச்சிருக்கா?’, ‘இன்னும் என்ன வசதி வேணும்?’ இந்த மூன்றும் வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரி, பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நீங்கள் வெயிலில் அலைந்து இலவசமாகப் போட்டுக் கொடுத்த பையன்கள். உங்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வராது.

நடந்ததைக் கேளுங்கள், அதுவும் கடைசியாக நடந்ததை. ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானிகள் பற்றிய ஆய்வில் பழகிய முறை இது. 1954இல் அதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். பொதுவாக என்ன நினைக்கிறாய் என்று கேட்காமல், ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை எடுத்து அதில் யார் என்ன செய்தார், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன ஆனது என்று கேட்கும் முறை. எழுபது வருஷமாகியும், யூசர்களிடம் பேசி ஆராயும் எங்கள் தொழிலில் இதைவிட உருப்படியான கருவி அதிகம் வந்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

‘போன சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிக்க எத்தனை மணி ஆச்சுங்க?’

‘அது ஒம்பது மணி ஆயிருச்சுங்க.’

‘எப்பவுமே அப்படித்தானுங்களா?’

‘இல்லீங்க, ஏழரைக்கெல்லாம் முடிஞ்சிரும். அந்த வாரம் புது ஸ்டைல் வந்துச்சு. டெய்லருங்க ரேட்டு பத்தலைன்னாங்க. பேசி முடிவாகறதுக்குள்ள சனிக்கிழமை வந்துருச்சு.’

‘அப்ப ஆப்புல பீஸ் எப்படி ஏத்துனீங்க?’

‘ஆப்புல எங்க ஏத்தறது? ரேட்டுப் போடாம அது உள்ளயே விடலையே. நோட்டுல எழுதி வெச்சுத்தான் கூட்டிக் குடுத்தோம்.’

‘அந்த நோட்டு இருக்குதுங்களா, பார்க்கலாமா?’

நான்கு கேள்விகள்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆப் எப்படி இருக்கிறது என்று ஒன்றில்கூடக் கேட்கவில்லை. ஆனால் ரேட் முடிவாகும் முன்பே பீஸ் ஓட ஆரம்பித்துவிடும் என்பது தெரிந்துவிட்டது. உங்கள் ஆப் ரேட்டை முதலில் கேட்கிறது. வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை. ‘என்ன வசதி வேணும்’ என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது, ஏனென்றால் அவர் இதை உங்கள் ஆப்பின் குறை என்றே நினைக்கவில்லை. ரேட் தகராறு வந்த வாரம், நோட்டில் போட்டார், அவ்வளவுதான்.

நான்காவது கேள்வி, ‘நோட்டைப் பார்க்கலாமா’ என்பது. அதுதான் முக்கியம். நோட்டை எடுத்தவுடன் பேச்சின் தன்மையே மாறும். ஓரத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பார், அது என்னவென்றால் டேமேஜ் பீஸ், அடுத்த வாரம் பிடிக்க வேண்டும் என்பார். ஒரு பெயருக்கு எதிரே இரண்டு தொகை இருக்கும், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கணக்கில் தைக்கிறார்கள் என்பார். இன்னொரு பெயருக்கு மொத்தமாக ஒரு பெரிய தொகை இருக்கும், அவர் காண்ட்ராக்ட் எடுத்துத் தன் ஆட்களுக்குத் தானே பிரித்துக் கொடுக்கிறார் என்பார். நோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அவரே ‘டீ சொல்லட்டுங்களா’ என்பார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கும் ஆசை வரும். எடுப்பதானால் கேட்டுவிட்டு, பெயர்கள் இருக்கும் இடது ஓரத்தை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு எடுங்கள். பெயரை மூடுவதை அவர் பார்த்தாரென்றால் உங்கள் பத்து வரி விளக்கத்தைவிட அது அதிகமாக வேலை செய்யும்.

குரல் பதிவு வேண்டாம், குறைந்தது முதல் தடவை. மேஜையில் போனை வைத்தவுடன் வார்த்தை சுத்தமாகிவிடும். ஒருவர் பேசுங்கள், மற்றவர் எழுதுங்கள். அவர் சொன்னது சொன்னபடியே, அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும், உங்கள் விளக்கத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். இடையில் ஆப்பைக் காட்டி ‘இல்லீங்க, அதுக்கு இங்க ஒரு வழி இருக்கு’ என்று ஆரம்பிக்காதீர்கள். தயாரித்தவருக்கு இது கை அரிக்கும். அரித்தாலும் கடைசி ஐந்து நிமிஷம் வரை பொறுங்கள்.

இப்போது, யாரை முதலில் பிடிப்பது என்ற வரிசை. ஆப் என்றைக்காவது வேலை செய்யாமல் நின்றிருக்கும். நிற்காத ஆப் எது? அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டுத் திட்டியவர்கள் யார் யார்? அவர்கள்தான் முதல் ஆட்கள். வெளிநாட்டு ஸ்டார்ட்அப்களில் ‘இந்தப் பொருள் நாளையிலிருந்து இல்லையென்றால் எவ்வளவு வருத்தப்படுவீர்கள்’ என்று கேட்டு, ‘ரொம்ப’ என்பவர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிறார்களா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. ஷான் எல்லிஸ் என்ற மார்க்கெட்டிங்காரர் பிரபலமாக்கியது. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு மரியாதைக்காகவே ‘ரொம்ப வருத்தமா இருக்கும் தம்பி’ என்பார்கள், கணக்கில் எடுக்க முடியாது. ஆப் நின்ற அன்று வந்த போன் மரியாதைக்காக வந்ததில்லை.

அதன் பிறகு, போட்டுவிட்டு நிறுத்தியவர்கள். நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதை உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள், நான் கழித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர்களிடம் பேசக் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கும் உங்களிடம் கூச்சம்தான், இலவசமாகக் கொடுத்ததைப் பயன்படுத்தவில்லையே என்று. போனை எடுக்காததற்கு அதுவே ஒரு காரணம். அந்தக் கூச்சத்தை நீங்கள்தான் முதலில் உடைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போதும்: ‘அண்ணா, ஆப்பைத் திரும்பப் போடச் சொல்றதுக்காகக் கூப்பிடலீங்க. அது உங்களுக்குச் சரிப்படலைன்னு தெரியுது, தப்பு எங்க மேலதான். எந்த வாரம், எந்த இடத்துல விட்டீங்கன்னு தெரிஞ்சா எங்களுக்கு உபயோகமா இருக்கும். அந்தப் பக்கம் வரப்ப பத்து நிமிஷம் எட்டிப் பார்க்கலாங்களா?’ எழுத்தில் அனுப்பாமல் குரலில் அனுப்புங்கள். கையில் துணியோடு நிற்கிறவருக்குக் கேட்பது சுலபம், ஒரு மனுஷன் பேசுகிறான் என்பதும் தெரியும். நேரில் போனால் விற்கிற பேச்சை எடுக்கவே கூடாது. எடுத்துவிட்டால், அவர் பக்கத்து யூனிட்காரரிடமும் சொல்லிவிடுவார், அந்த வீதியே உங்களுக்கு மூடிவிடும்.

நம்பர் விஷயம் ஒன்று. இன்குபேட்டர் ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்தோ புது சிம்மிலிருந்தோ கூப்பிட்டால் தெரியாத நம்பராகத்தான் தெரியும், லோன்காரன் என்று கட் செய்துவிடுவார்கள். அவர் போனில் உங்கள் பெயர் எந்த நம்பரில் சேமித்திருக்கிறதோ அதிலிருந்து மட்டும் கூப்பிடுங்கள்.

கூப்பன். ஏற்றாதீர்கள், நிறுத்துங்கள். வாரம் லட்சக்கணக்கில் பட்டுவாடா செய்கிறவருக்கு 500 ரூபாயும் ஒன்றுதான், ஆயிரமும் ஒன்றுதான். அதை வாங்கினால் சின்னப் பையனிடம் காசு வாங்கிய மாதிரி இருக்கும் அவருக்கு. அதற்குப் பதில் போகும்போது எதையாவது முடித்துக் கையில் கொடுங்கள். அவருடைய போன மாதச் சம்பளப் பதிவை ஆள்வாரியாகப் பிரின்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோனால் போதும், அதைப் பத்து தடவை புரட்டுவார். புரட்டும்போதே ‘இது தப்பா இருக்குதே’ என்று ஒரு இடத்தில் விரல் வைப்பார். உங்கள் பேட்டி அங்கே தொடங்கிவிடும். இலவச மாதம் நீட்டிப்பு, சந்தாவில் தள்ளுபடி என்று பேட்டியோடு முடிச்சுப் போடாதீர்கள். பிறகு எதைக் கேட்டாலும் உங்களைக் குளிரவைக்கத்தான் பேசுவார்.

ஆனால் தொழிலாளியிடம் பேசினால் பணம் கொடுத்தே ஆக வேண்டும். இதில் தயக்கம் கூடாது. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லரை மெஷினை விட்டு எழுப்பி இருபது நிமிஷம் உட்கார வைத்தால் அந்த இருபது நிமிஷத்துப் பீஸ் போயிற்று, சனிக்கிழமை கையில் குறையும். டீ டைமிலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் பேசுங்கள், அப்போதும் அந்த நேரத்தின் கூலிக்குக் குறையாமல் ரொக்கமாகக் கொடுங்கள், ஓனருக்குத் தெரிந்தே கொடுங்கள். உங்கள் ஆப் சொல்லும் கணக்கை நம்பிக் கையில் பணம் வாங்குகிறவர் அவர்தான். தன் சொந்தச் சின்ன நோட்டில் அவரும் பீஸ் எழுதி வைத்திருப்பார். ஆப்பின் கணக்கும் அந்தச் சின்ன நோட்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்க்காமல் இந்தத் தொழிலில் ஆப் செய்ய முடியாது.

உரிமையாளர் சங்கம் வழியாகப் போனால் எல்லோரையும் மொத்தமாகப் பிடித்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். விற்பதற்குச் சங்கம் நல்ல வழி. பேட்டிக்கு வேண்டாம். தலைவர் சொல்லி வந்தவர் தலைவருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார், தொழில் நிலைமை, அரசு கோரிக்கை என்று போய்விடும். ஆள் வழியாகப் போக வேண்டுமென்றால் மெஷின் மெக்கானிக்கைப் பிடியுங்கள். எந்த யூனிட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைகிறவர் அவர், யாருக்கு எந்த நேரம் சரி என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒரு தடவை பேசியவரிடம் திரும்பப் போவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பேட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் அவருக்குச் செய்தி போக வேண்டும். ‘நீங்க சொன்ன மாதிரி ரேட் போடாமலே பீஸ் ஏத்தற மாதிரி மாத்திட்டோங்க, இந்த சனிக்கிழமை பாருங்க.’ மாற்றவில்லை என்றாலும் சொல்லுங்கள், ‘டேமேஜ் கணக்கு இப்போதைக்கு முடியலீங்க, காரணம் இது’ என்று. சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் அடுத்த முறை நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை, அவரே கூப்பிடுவார். நிறைய வசதிகளைச் செய்து தருவதாக அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏஜென்சி வேண்டாம். கேள்வி கேட்கும் திறமை அவர்களுக்கு உங்களைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறுபது யூனிட்டிலும் யாருக்கும் அவர்களைத் தெரியாது. உங்களைத் தெரியும். தெரிந்த பையனிடம் நோட்டை எடுத்துக் காட்டுகிறவர் பேட்ஜ் மாட்டிக்கொண்டு வருகிறவரிடம் காட்ட மாட்டார். மேலும், ஆப்பை மாற்றப் போவது நீங்கள். அறிக்கையில் ‘ரேட் நிர்ணயத்தில் தாமதம்’ என்று ஒரு வரியில் படிப்பது ஒன்று, அந்த ஒன்பது மணி சனிக்கிழமையில் டெய்லர்கள் பையை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது வேறொன்று.

முப்பது பேட்டிக் கணக்கைப் பொறுத்தவரை இன்குபேட்டரிடம் நேராகப் பேசுங்கள். ஐந்து பேரிடம் பார்த்தால் போதும் என்று யாராவது எதிர்வாதமாகச் சொல்வார்கள். அது இணையதளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்று ஆராயும் நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதியது, ஸ்கிரீனில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சோதிப்பதற்கான எண்ணிக்கை, தொழிலைப் புரிந்துகொள்வதற்கானது அல்ல. உங்களுக்கு நான் சொல்வது: தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களில் ஐந்து, விட்டவர்களில் ஐந்து, அதுவும் சின்ன யூனிட்டும் கொஞ்சம் பெரியதும் கலந்து. சனிக்கிழமைப் பார்வை இரண்டு. இந்த மாதத்துக்கு இது தாராளம். ஒவ்வொன்றுக்கும் தேதி, யார் பேசினார், அவர் சொன்ன வார்த்தைகள், நோட்டுப் பக்கத்தின் படம் என்று வைத்துக் கொடுத்தால், முப்பது ஃபார்மைவிட அது கனமாக இருக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். அதற்கும் ஒத்துக்கொள்ளாமல் முப்பதுதான் வேண்டும் என்றால், மீதி பதினெட்டையும் போனிலேயே, ஒரே கேள்வியோடு முடியுங்கள்: ‘போன சனிக்கிழமை சம்பளம் போட எத்தனை மணி ஆச்சுங்க?’ இரண்டு நிமிஷம் ஆகும், யாரும் மறுக்க மாட்டார்கள்.